மூணு ஹூடி, பதினாலு குல்லா: குரோம்பேட்டைல உட்கார்ந்து பின்னிக் கத்துக்கிட்டது

போன ஞாயித்துக்கிழமை மதியம் மூணாவது ஹூடியோட கடைசி நூல் நுனியையும் உள்பக்கம் கோத்து மறைச்சு முடிச்சேன். டொராண்டோல இருக்கிற தம்பிக்கு. அஞ்சு மாசம் ஆச்சு, நடுவுல கழுத்தை மட்டும் ரெண்டு தடவை பிரிச்சேன், இப்ப மடிச்சு பீரோல வச்சிருக்கேன், அவனோட ஃப்ரெண்டு அடுத்த மாசம் போறப்ப குடுத்து விடணும். முடிச்ச சூட்டோட எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு, ஏன்னா நான் ஆரம்பிக்கிறப்ப தமிழ்ல யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தா எனக்கு ஒரு கிலோ நூலாவது மிச்சமாயிருக்கும்.

முதல்ல எல்லாரும் கேக்கிற கேள்வி, சென்னைல எதுக்கு உல்லன்? ஓ.எம்.ஆர். ஆபீஸ்ல ஏசிக்கு நேர் கீழ சீட்டு கிடைச்சவங்க யாரும் இந்தக் கேள்விய கேக்க மாட்டாங்க. எங்க அம்மா மார்கழில அஞ்சு மணிக்கு கோலம் போடப் போறப்ப காதுல பஞ்சு வச்சு தலைல துண்டு சுத்திக்கிட்டுதான் போவாங்க. ஊட்டி, கொடைக்கானல் போறவங்க இருக்காங்க, பெங்களூரு போற ராத்திரி பஸ் இருக்கு, வெளிநாட்டுல ஒரு ஆள் இல்லாத வீடு எங்க தெருவுலயே கம்மி. இன்னொண்ணு, 2016 ஜனவரில சென்னைலதான் பெண்கள் சேர்ந்து குரோஷால பின்னின துண்டுகளை ஒண்ணா இணைச்சு 11,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு போர்வை செஞ்சு கின்னஸ் சாதனை பண்ணாங்க. அது கொக்கி ஊசி, நான் பண்றது ரெண்டு ஊசி, வேற வேற வேலைதான், ஆனா இந்த ஊருக்கு நூல் புதுசு இல்ல.

எனக்கு கத்துக்குடுத்தது அத்தை. டெல்லில இருபது வருஷம் இருந்தாங்க, அங்க பக்கத்து வீட்டுல கத்துக்கிட்டதால பின்னல்ல இருக்கிற ரெண்டு அடிப்படைக் கண்ணியையும் நிட், பர்ல்னு சொல்ல மாட்டாங்க, சீதா, உல்டாதான். நானும் இன்னிக்கு வரைக்கும் மனசுக்குள்ள சீதா உல்டான்னுதான் எண்றேன். அவங்க எல்லாத்தையும் நீட்ட ஊசில தட்டையா பின்னி ஓரத்தைத் தைப்பாங்க. எனக்கு சுத்தி சுத்தி பின்ற சர்குலர் ஊசிதான் பிடிச்சது, தைக்கிற வேலை இல்ல, குல்லாவுக்கு உள்ள தழும்பு மாதிரி தையல் நிக்காது. "ஏண்டி, தைக்காம எப்படிடி நிக்கும்?"னு அத்தை கேட்டாங்க, முதல் குல்லாவைக் கையில குடுத்ததும் உள்ள வெளிய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அப்புறம் அவங்களும் ஒரு சர்குலர் வாங்கிக்கிட்டாங்க.

அந்த முதல் குல்லா ஆனா யாருக்கும் சேரல. இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், புதுசா வர்றவங்க பாதிப் பேர் இந்தக் குழியிலதான் விழறாங்க. நான் எடுத்தது ஒரு அமெரிக்கப் பேட்டர்ன். 8ஆம் நம்பர் ஊசி, 100 கண்ணி (ஊசில நிக்கிற நூல் வளையம்) போடு, 10 செ.மீ.ல 20 கண்ணி வரணும்னு இருந்துச்சு. சரின்னு பீச் ஸ்டேஷன்ல இறங்கி பாரிஸ் கார்னர் போயி, என்.எஸ்.சி. போஸ் ரோடுக்கு உள்ள இருக்கிற சந்துல, லேஸ், பட்டன், ஜரிகை எல்லாம் விக்கிற கடைல 8ஆம் நம்பர் ஊசி கேட்டேன், அவரும் 8ஆம் நம்பரைத்தான் எடுத்துக் குடுத்தாரு. தப்பு அவர் மேல இல்ல. நம்ம ஊர்ல இருக்கிறது பழைய இங்கிலாந்து நம்பர், அதுல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். அமெரிக்க நம்பர் அப்படியே எதிர்ப்பக்கம், நம்பர் ஏற ஏற தடிமனாகும். நம்ம 8ன்னா 4 மி.மீ., அமெரிக்க 8ன்னா 5 மி.மீ. அவங்க 5 மி.மீ.க்கு சொன்ன 100 கண்ணிய நான் 4 மி.மீ.ல போட்டேன், 10 செ.மீ.ல 24 கண்ணி விழுந்துச்சு, சுத்தளவு 50 வரவேண்டியது 41.5 செ.மீ.தான் வந்துச்சு. கீழ் வீட்டு ஆறு மாசக் குழந்தைக்குக் குடுத்தேன், அதுக்கு அழகா இருந்துச்சு. அதுலருந்து நம்பரையே நான் பாக்கிறதில்ல, மி.மீ. மட்டும்தான். நம்ம 10ன்னா 3.25, 7ன்னா 4.5, 6ன்னா 5, இந்த மூணு தெரிஞ்சா குல்லாவும் ஹூடியும் ஓடிடும். (கடைல கிடைக்கிற போனிங்கிற பிராண்டு ஊசி நீலகிரில கேத்தில செய்றதுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குத் தெரியும், நம்ம மலைலயே ஊசி ஃபேக்டரி இருக்குன்னு அவ்ளோ சந்தோஷம்.)

குல்லாவுக்கு தலைய அளந்து அந்த அளவுலயே பின்னக்கூடாது, அது இழுத்துப் பிடிக்கணும். 56 செ.மீ. தலைக்கு 50, 51 வர்ற மாதிரி பின்னுவேன். கீழ ஒரு 5 செ.மீ. ரெண்டு சீதா ரெண்டு உல்டான்னு மாத்தி மாத்தி ரிப், அதாவது இழுத்தா விரியிற பட்டை, அப்புறம் வெறும் சீதா. 100 கண்ணின்னா உச்சில பத்துப் பத்தாப் பிரிச்சு, ஒவ்வொரு பத்துலயும் கடைசி ரெண்டை ஒண்ணா சேர்க்கணும், ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து இப்படியே, பத்து கண்ணி மிச்சம் நிக்கிறப்ப நூலை அறுத்து எல்லாத்துலயும் கோத்து இழுத்து முடிச்சிடலாம். எந்த உயரத்துல குறைக்க ஆரம்பிக்கணும்னா எனக்கு 16 செ.மீ.ல சரியா வருது. மடிச்சுப் போடணும்னா இன்னும் 5 சேத்துக்கங்க. வட்டமா சேக்கிறப்ப கண்ணி முறுக்கிக்கிட்டா முழுசையும் பிரிக்கிறதைத் தவிர வழியே இல்ல. அதனால முதல் வரிசைய தட்டையா பின்னிட்டு ரெண்டாவதுல சேக்கிறேன், அந்தச் சின்ன இடைவெளிய கடைசில நூல் வாலை வச்சு மூடிடலாம்.

பதினாலு குல்லால பாதிக்கு மேல எலெக்ட்ரிக் ட்ரெயின்லதான் பின்னினேன். லேடீஸ் பெட்டில இது பையிலருந்து வெளிய வந்தாலே பேச்சு ஆரம்பிச்சிடும். பூ கட்டுற அம்மா ஒருத்தங்க தாம்பரத்துல ஏறுவாங்க, ஏறி உட்கார்ந்ததும் மடியில மல்லிய கொட்டிக்கிட்டு கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு நாள் என் கையையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏம்மா இப்டி இறுக்குற, காம்பு அறுந்துடும்"னாங்க. அவங்க பூவைச் சொன்னாங்களா நூலைச் சொன்னாங்களான்னு தெரியல, ஆனா நான் ஒவ்வொரு கண்ணியையும் பின்னி முடிச்சதும் ஒரு வெட்டு வெட்டி இழுத்துக்கிட்டு இருந்தேன், அதான் அடுத்த சுத்துல ஊசி உள்ளயே போகாம மணிக்கட்டு வலிச்சுது. அவங்க நூல் சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்தி வரும், அந்த உராய்வே பிடிச்சுக்கும், கட்டுற கை இழுக்கவே இழுக்காது. நானும் அதே மாதிரி சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்திப் பாத்தேன், ஒரு வாரத்துல கண்ணி எல்லாம் ஒரே சைஸ்ல விழ ஆரம்பிச்சுது.

வேர்வையும் ஒரு விஷயம்தான். மே மாசம் ட்ரெயின்ல பின்ற துணியும் ஆபீஸ் ஏசில பின்ற துணியும் ஒண்ணா இருக்காது, கை ஈரமா இருந்தா அக்ரிலிக், அதாவது செயற்கை நூல், வழுக்காம ஒட்டிக்கிட்டு இறுகும். ஒரே குல்லால நடுவுல ஒரு பட்டை மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கி நின்னுச்சு, அது முழுக்க மத்தியான ட்ரெயின்ல பின்னின பகுதி. இப்ப கையில கொஞ்சம் டால்கம் பவுடர் தேச்சுக்குவேன், வெள்ளை, க்ரீம் கலர் நூலை வீட்டுக்கு வெளிய எடுக்கிறதே இல்ல.

முதல் ஹூடி எனக்கு. ஆபீசுக்கு. 2023 ஆரம்பத்துல அக்ரிலிக்ல போட்டேன், கடுகு மஞ்சள், கிட்டத்தட்ட 650 கிராம். கழுத்துலருந்து கீழ வர்ற ராக்லன் முறை, அதாவது கழுத்துல ஆரம்பிச்சு ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து எட்டு எட்டு கண்ணியா ஏத்திக்கிட்டே வந்து, அக்குள் வந்ததும் கை கண்ணிய ஒரு தனி நூல்ல கோத்து ஒதுக்கி வச்சுட்டு உடம்பை மட்டும் சுத்திப் பின்றது. இதுல பெரிய வசதி, நடுவுல எப்ப வேணா போட்டுப் பாக்கலாம். புதுசா ஹூடி பின்றவங்களுக்கு நான் இந்த முறையத் தவிர வேற எதையும் சொல்ல மாட்டேன்.

அதுல ரெண்டு தப்பு நடந்துச்சு. ஒண்ணு நூல் பத்தல, மறுபடி அதே கடைக்கு ஓடினேன், அதே கலர்தான்னு குடுத்தாங்க, பகல் வெளிச்சத்துல பாத்தா வலது கை மட்டும் ஒரு ஷேடு தூக்கலா இருக்கு. லேபிள்ல லாட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்குத்தான் ஒரே நம்பர். ஹூடிக்கு வாங்குறப்ப ஒரு கண்டு கூடவே வாங்கிடுங்க, மிச்சமானா ஒரு குல்லா ஆச்சு. வேற வழியே இல்லாம ரெண்டு லாட் கலக்கணும்னா ரெண்டு வரிசை இதுல, ரெண்டு வரிசை அதுலன்னு மாத்தி மாத்திப் பின்னினா கண்ணுக்குத் தெரியாது.

ரெண்டாவது, தொப்பி பாகம். 100 கண்ணில 32 செ.மீ. உயரம் தட்டையா பின்னி, ரெண்டா மடிச்சு மேல இணைச்சுட்டேன். போட்டா உச்சில கூரா ஒரு முனை நிக்குது. நேரா மடிச்சு இணைச்சா அப்படித்தான் நிக்கும், தலை உருண்டை, துணி சதுரம். கடைசி 6 செ.மீ. வர்றப்ப நடு முதுகுக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஒவ்வொரு கண்ணி குறைச்சுக்கிட்டே போனா பின்மண்டைல உருண்டு உக்காரும். இதை நான் படிச்சிருந்தேன், ஆனா புரிஞ்சது குல்லாவோட உச்சி ஞாபகம் வந்தப்பதான். அங்க பத்து இடத்துல குறைக்கிறோம், இங்க ரெண்டு இடத்துல, ரெண்டும் செய்றது ஒரே வேலை. அதான் யாராவது நேரா ஹூடில ஆரம்பிக்கிறேன்னு சொன்னா அவசரப்படாதீங்க, நாலு குல்லா போட்டுட்டு வாங்கன்னு சொல்லுவேன். வட்டமா சேக்கிறது, ரிப், கண்ணி குறைக்கிறது, தளர்வா முடிக்கிறது எல்லாமே 60 கிராம் நூல்ல பழகிடலாம், தப்பானா ரெண்டு நாள் வேலைதான் போகும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தம்பிக்கு அனுப்ப மெரினோ கம்பளி கலந்த ரெண்டு குல்லாவை அந்த சனிக்கிழமைதான் நனைச்சு துண்டு மேல விரிச்சேன். திங்கக்கிழமை கொட்டின மழைல கரண்ட் போச்சு, ரெண்டு நாள் ஃபேன் இல்ல, வீடு முழுக்க ஈரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாத்தா ரெண்டு குல்லாலயும் ஊறின நாத்தம். மறுபடி அலசி, காத்து வந்த அப்புறம் காயவச்சு, வாடை போக மூணு தடவை அலச வேண்டியிருந்துச்சு. கம்பளி நூலை பச்சைத் தண்ணிலதான் அலசணும், சுடுதண்ணிலயோ மெஷின்லயோ போட்டுத் தேச்சா இழை ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு சுருங்கி அட்டை மாதிரி ஆயிடும், திரும்ப வராது. பிழியவும் கூடாது, காஞ்ச துண்டுல பாய் மாதிரி சுருட்டி மேல ஏறி நின்னா தண்ணி இறங்கிடும். மழைக்காலத்துல அதுக்கப்புறமும் ரெண்டு நாள் ஃபேன் கீழ இருக்கணும், ஏப்ரல், மே மாசத்துல மொட்டை மாடி நிழல்ல அரை நாள் போதும். பீரோல வைக்கிறப்ப நல்லா காஞ்ச வேப்பிலைய துணில கட்டிப் போடுவேன், அந்துருண்டை வாசனை தம்பிக்கு ஒத்துக்காது.

ரெண்டாவது ஹூடிதான் என்னை ரொம்ப கஷ்டப்படுத்துனது. சென்னைக்கு காட்டன்தானே சரி, வேர்வைய உறிஞ்சும், குத்தாதுன்னு 900 கிராம் காட்டன் நூல்ல போட்டேன், கடல் நீலம், முன்னாடி பெரிய பாக்கெட் வச்சு. பாக்கெட்டை தனியா பின்னித் தைக்காம, உடம்புல இருந்தே கண்ணி எடுத்து மேல பின்னிக்கிட்டுப் போனேன், எடுக்க வேண்டிய வரிசைல முன்னாடியே வெள்ளைத் தையல் நூலைக் கோத்து வச்சிருந்ததால கோணாம வந்துச்சு. நீளம் 62 செ.மீ., கை 45. அளந்து அளந்து பின்னினேன். முதல் தடவை துவைச்சு பாத்ரூம்ல வாளில வச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன், அம்மா நல்ல மனசுல எடுத்து அலசி மாடிக் கொடில தொங்க விட்டுட்டாங்க. சாயங்காலம் வந்து பாத்தா 71 செ.மீ., கை விரலைத் தாண்டி தொங்குது. அம்மா முகத்தைப் பாக்க முடியல, "நான் சும்மா இருந்திருக்கணும்டி"னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் சொல்லியிருக்கணும். காட்டனுக்கு கம்பளி மாதிரி திரும்பிச் சுருங்குற குணம் கிடையாது, நூலே கனம், ஈரமானா இன்னும் கனம், அந்தக் கனமே கீழ இழுத்துடும்.

ஆனா உண்மையச் சொன்னா தட்டையா காயவச்சிருந்தாலும் அது நீண்டுதான் இருக்கும், மெதுவா. உடம்புல போட்டுக்கிறதும் ஒரு வகைல தொங்கவிடுறதுதானே. தொப்பி மட்டுமே 100 கிராமுக்கு மேல, அது பின்னாடி தொங்குறப்ப கழுத்தை முதுகுப் பக்கம் இழுக்குது, முன்கழுத்து தொண்டையை அழுத்துது. இதுக்கு ரெண்டு வைத்தியம் பண்ணேன். முதுகுக் கழுத்துல உள்பக்கமா கொக்கி ஊசியால ஒரு சங்கிலித் தையல் இறுக்கமா ஓட்டினேன், அது நீளாது, அதனால தோள் அகலமும் விரியாது. அப்புறம் தம்பி ஹூடில கழுத்து பின்றப்பவே முதுகுப் பக்கம் மட்டும் நாலஞ்சு அரை வரிசை, அதாவது முழு சுத்து போகாம பாதில திரும்பித் திரும்பிப் பின்னினேன், பின்கழுத்து முன்கழுத்தை விட ஒரு 3 செ.மீ. உயரமா நின்னுச்சு. அவனுக்கு ரெண்டு தடவை பிரிச்சது இதுக்காகத்தான். வீடியோ கால்ல அவன்கிட்ட இருக்கிற ஒரு ஹூடிய விரிச்சு வைக்கச் சொல்லி கழுத்து அளவு எடுத்தேன்.

கணக்கு ஒண்ணு சொல்லிடறேன், இது தெரியாம யாரும் ஹூடி ஆரம்பிக்காதீங்க. மார்பு 92, தளர்வு 12 சேத்து 104 செ.மீ., 10 செ.மீ.க்கு 20 கண்ணின்னா 208 கண்ணி. உங்க கைக்கு 20க்கு பதிலா 19 விழுந்தா அதே 208 கண்ணி 109 செ.மீ.க்கு மேல வரும், 18 விழுந்தா 115க்கு மேல. அளவு பாக்க முன்னாடியே பின்ற சாம்பிள் துணில ஒரு கண்ணிதானேன்னு தோணும், உடம்புல அது 5 செ.மீ.க்கு மேல அகலம். சாம்பிளும் தீப்பெட்டி சைஸ்ல போட்டா பிரயோஜனம் இல்ல, 15 செ.மீ. சதுரமாவது வேணும், அதை ஹூடிய எப்படி துவைப்பீங்களோ அப்படியே துவைச்சு, காயவச்சு, அப்புறம்தான் நடுவுல 10 செ.மீ. அளக்கணும். ஊசிலருந்து எடுத்த உடனே அளந்தது பொய் அளவு. அக்ரிலிக்கை அயர்ன் பாக்ஸ் சூட்டுல காட்டிடாதீங்க, இழை செத்து துவண்டுடும்.

இதுக்கு நடுவுல போன வருஷம் பெரியம்மாவுக்கு கீமோ ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது தடவை முடிஞ்சு முடி கொட்ட ஆரம்பிச்சதும் போன் பண்ணி, "நீ ஏதோ தொப்பி பின்றியாமே, எனக்கும் ஒண்ணு பண்ணுவியாம்மா"னு கேட்டாங்க. வீட்டுல இருந்த குல்லா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன், ஒண்ணைக் கூட அவங்களால அஞ்சு நிமிஷம் வச்சுக்க முடியல, கம்பளி கலந்தது குத்துது, அக்ரிலிக் வேர்க்குது, சித்திரை மாசம் வேற. முடி இல்லாத தோலுக்கு நம்ம விரல்ல மெத்துன்னு படுறது கூட உறுத்துதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் மெலிசு காட்டன்ல 3.25 ஊசில போட்டேன். சீதா பக்கம் வழவழன்னு இருக்கும், உல்டா பக்கம் மணி மணியா இருக்கும், அதனால வழவழப்பு தலைல படுற மாதிரி உள்ள வெளியா திருப்பி, நூல் நுனியெல்லாம் வெளிப்பக்கம் மறைச்சேன். முடி இல்லாதப்ப தலை அளவும் குறையும், அவங்களுக்கு 55லருந்து 53 ஆயிருந்துச்சு. காட்டன் ரிப் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிடும், அதனால 47 செ.மீ.க்கே பின்னி, கீழ ரிப்ல நூலோட சேத்து மெல்லிசு எலாஸ்டிக் நூலையும் இழுக்காம ஓட்டினேன். காது மூடணும், பின்கழுத்து மயிர்க்கோடு வரைக்கும் இறங்கணும், அதுக்கு உயரம் 2 செ.மீ. கூட. அஞ்சு போட்டேன் அவங்களுக்கு, தினம் ஒண்ணு துவைக்க வசதியா. பெரியம்மாவுக்கு அந்த அஞ்சுல வெளிர் நீலம்தான் பிடிச்சது, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாம் அதைத்தான் போட்டுக்கிட்டாங்க. நான் பின்னினதுலயே எனக்கும் அதுதான் நல்ல வேலைன்னு தோணுது, ஹூடிய விட.

தம்பி ஹூடில கை எனக்கு ரொம்ப திருப்தியா வந்துச்சு. மேல் கைல 64 கண்ணி, மணிக்கட்டுல 40, குறைக்க வேண்டியது 24, ஒரு தடவைக்கு ரெண்டுன்னா 12 தடவை, ரிப் வரைக்கும் இருக்கிற நீளத்துக்கு 9 சுத்துக்கு ஒரு தடவை. இதை ஒரு பேப்பர்ல பன்னெண்டு கோடு போட்டு, குறைக்க குறைக்க ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தேன், ரெண்டாவது கைக்கும் அதே பேப்பர். முன்னாடி எல்லாம் ஞாபகத்துல பின்னி ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னு வரும். கண்ணி முடிக்கிறப்ப ஒரு சைஸ் பெரிய ஊசி எடுத்துக்குவேன், இல்லேன்னா கை உள்ள நுழையாது.

நாலாவது அம்மாவுக்கு. மறுபடி காட்டன்தான், அம்மாவே கேட்டாங்க, முன்னாடி திறக்கிற மாதிரி, புடவை மேல போட்டுக்க. இந்தத் தடவை சாம்பிள் 20 செ.மீ.க்குப் போட்டு, துவைச்சு, ஈரத்தோட மாடிக் கொடில தொங்கவிட்டு, கீழ் ஓரத்துல நாலு கிளிப்பும் மாட்டி வச்சிருக்கேன். நேத்து 10 செ.மீ.ல 28 வரிசை இருந்துச்சு, இன்னிக்கு காலைல அதே 28 வரிசை 11 செ.மீ. ஆயிருக்கு. நாளைக்கும் ஒரு தடவை அளந்துட்டு அப்புறம் கண்ணி போடுறேன், 62 வேணும்னா 56லயே நிறுத்தணும் போல. அம்மா காலைல மாடிக்குப் போனவங்க, இதை எடுக்கலாமா வேணாமான்னு கீழ இருந்தே கேட்டுட்டுத்தான் மத்த துணிய எடுத்தாங்க.